வானத்து வழிப்போக்கர்கள்



நீலகிரிக்கு ஆண்டுதோறும் வந்து போகும் விருந்தினர் பலர். கோடை பிறந்ததும் மேட்டுப்பாளையத்திலிருந்து மலை ரயிலிலும் பஸ்ஸிலும் ஏறி உதகமண்டலத்துக்கு வருகிறவர்களை நாம் எல்லோரும் அறிவோம். அவர்களுக்கு விடுதிகள் உண்டு. மலர்க் கண்காட்சி உண்டு. எத்தனை பேர் வந்தனர் என்ற கணக்கும் உண்டு. அதே சித்திரை, வைகாசி மாதங்களில் இந்த மலையைக் கடந்து செல்லும் வேறு ஒரு கூட்டமும் இருக்கிறது. அக்கூட்டத்தில் ஒவ்வொன்றின் எடையும் ஒரு கிராமுக்குக் குறைவு. அவற்றுக்கு வரவேற்பும் இல்லை, கணக்கும் இல்லை. அவை வண்ணத்துப்பூச்சிகள்.

இப்படி இடம் பெயர்ந்து செல்லும் பூச்சிகளை ராடார் என்னும் கருவியைக் கொண்டு எவ்வாறு இனங் கண்டுகொள்கிறார்கள் என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள். கப்பலையும் விமானத்தையும் கண்டுபிடிப்பதற்காகப் பிறந்த கருவி பூச்சியின் பிரயாணத்தைச் சொல்ல வந்தது ஒரு சுவையான கதை. அந்தக் கருவியால் சொல்ல முடியாதது எது என்பது அதைவிடச் சுவையானது.

முதலில் மலையைப் பார்ப்போம். மேற்குத் தொடர்ச்சி மலையும் கிழக்குத் தொடர்ச்சி மலையும் வந்து கைகோக்கும் இடம் நீலகிரி. அதன் உச்சியாகிய தொட்டபெட்டாவின் உயரம் 2,637 மீட்டர். தெற்கே பாலக்காட்டுக் கணவாய்; வடக்கே மாயாற்றுப் பள்ளத்தாக்கு. ஜூன் மாதத்தில் தென்மேற்குப் பருவமழை மலையின் மேற்குப் புறத்தில் கொட்டுகிறது. கிழக்கேயுள்ள சமவெளியோ ஐப்பசி, கார்த்திகையில் வரும் வடகிழக்குப் பருவமழையை எதிர்பார்த்து நிற்கிறது. ஒரே மலைக்கு இரண்டு பக்கத்திலும் இரண்டு பஞ்சாங்கங்கள் என்று சொல்லலாம். இந்த இரண்டு பஞ்சாங்கங்களையும் கற்றவை போலச் சில வண்ணத்துப்பூச்சிகள் நடந்துகொள்கின்றன.

கருஞ் சிறகில் வெளிர்நீலக் கோடுகளும் புள்ளிகளும் கொண்ட நீல வரியன்களும், காக்கையின் நிறத்தைப் பெற்றமையால் ஆங்கிலத்தில் ‘குரோ’ என்றே பெயர் பெற்ற கறுப்பு வண்ணத்துப்பூச்சிகளும் இவற்றில் முதன்மையானவை. தென்மேற்கு மழை வலுக்கு முன், ஏப்ரல், மே மாதங்களில், இவை மேற்கு மலைகளை விட்டுக் கிழக்கு நோக்கிச் செல்கின்றன. அக்டோபர், நவம்பர் மாதங்களில் மேற்கு நோக்கித் திரும்பும் கூட்டங்களைக் காண்கிறோம். கொட்டும் மழைக்கு ஒதுங்கி, இளந்தளிரும் தேனும் உள்ள இடத்தை நாடி இவை இடம் பெயர்கின்றன என்று அறிஞர் கருதுகின்றனர்.

இந்தச் செய்திகளை நமக்குத் தந்தவர்கள் யார்? கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு, கண்டதை உடனுக்குடன் எழுதி வைத்தவர்கள். சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் நீலகிரிக்குத் தேயிலை பயிரிட வந்தவர் ஜார்ஜ் ஹாம்ப்ஸன் என்ற ஆங்கிலேயர். தேயிலைத் தோட்டத்தில் அவருடைய உள்ளத்தைக் கவர்ந்தவை தேயிலையைக் காட்டிலும் அதைச் சுற்றிப் பறந்த பூச்சிகளே. நீலகிரி மாவட்டத்து அந்துப்பூச்சிகளைப் பற்றி அவர் எழுதிய நூல் 1891-ஆம் ஆண்டில் வெளிவந்தது. பின்னர் இந்தியாவின் அந்துப்பூச்சிகள் அனைத்தையும் பற்றிய பெருநூலை எழுதியவரும் அவரே.

இன்னொருவர் வானநூல் வல்லுநர். கோடைக்கானலில் சூரியனை ஆராய்ந்துவந்த ஜான் எவர்ஷெட் என்பவர், சூரியனில் தோன்றும் கரும்புள்ளிகளில் வாயுக்கள் வெளிநோக்கிப் பாய்வதை 1909-ல் கண்டறிந்து உலகப் புகழ் பெற்றார். ‘எவர்ஷெட் விளைவு’ என்று அதை இன்றும் அழைக்கிறார்கள். அதே எவர்ஷெட், பழனி மலைமேல் கடந்து சென்ற வண்ணத்துப்பூச்சிகளையும் கவனித்துக் குறித்து வைத்தார். அவருடைய குறிப்புகளையும், இலங்கையிலிருந்த கிரீன், ஆர்மிஸ்டன் முதலியோருடைய குறிப்புகளையும் ஒன்றாக வைத்து ஆராய்ந்து, தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் நடைபெறும் வண்ணத்துப்பூச்சிப் பெயர்ச்சியைப் பற்றி வில்லியம்ஸ் என்ற அறிஞர் 1927-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார். நீலகிரியில் நடைபெறும் பெயர்ச்சியை மட்டும் தனியே எடுத்துக்கொண்டு டோர்பென் லார்சென் என்பவர் 1970-களில் எழுதினார். தென்னிந்திய வரியன்களும் கறுப்பு வண்ணத்துப்பூச்சிகளும் எந்தத் திசையில் எப்பொழுது செல்கின்றன என்பதை கிருஷ்ணமேக் குண்டே என்னும் இந்திய விஞ்ஞானி 2005-ல் விளக்கினார்.

நூலறிஞர்களுக்கு முன்பே பொதுமக்கள் இதைக் கண்டிருக்கிறார்கள். இலங்கையில் சிவனொளிபாத மலைக்குச் சிங்கள மொழியில் ‘சமனல கந்த’ என்று ஒரு பெயர் வழங்குகிறது. சமனலயா என்றால் வண்ணத்துப்பூச்சி. வண்ணத்துப்பூச்சிகள் அந்த மலைக்கு யாத்திரை போகின்றன என்பது அந்நாட்டு மக்களின் நம்பிக்கை. அணி அணியாக ஒரே திசையில் அவை போவதைப் பார்த்தவர்களுக்கு அப்படித் தோன்றியதில் வியப்பில்லை.

ஆனால் கண்ணுக்கு ஓர் எல்லை உண்டு. குன்னூர் மலைப்பாதையின் ஒரு வளைவில் நின்று, கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, ஒரு நிமிஷத்தில் எத்தனை கடக்கின்றன என்று நான் எண்ணியதுண்டு. தோளுயரத்தில் போவனவற்றை எண்ணிவிடலாம். மர உச்சியில் போவனவற்றை ஓரளவு எண்ணலாம். அதற்கு மேலே கரும்புள்ளிகளாய்த் தெரிவனவற்றை வண்ணத்துப்பூச்சியென்றும் சொல்லலாம், தும்பியென்றும் சொல்லலாம். அதற்கும் மேலே? பொழுது சாய்ந்த பிறகு? அங்கே நம் கண் கைவிட்டுவிடுகிறது.

அந்த உயரத்தில் பூச்சிகள் உண்டா என்ற ஐயத்தை முதலில் தீர்த்தவர்கள் விமானிகள். 1926 முதல் சில ஆண்டுகள் அமெரிக்காவின் லூயிசியானா மாநிலத்தில் கிளிக் என்பவர் விமானத்தில் பூச்சிப் பொறிகளைப் பொருத்தி வானத்தைச் சல்லடை போட்டுத் தேடினார். ஆயிரக்கணக்கான அடி உயரத்திலும் பூச்சிகள் அகப்பட்டன. பதினையாயிரம் அடி உயரத்தில் ஒரு சிலந்தியும் அகப்பட்டது! வானம் வெறும் வெளி அன்று, உயிர்கள் நடமாடும் ஒரு நாடு என்பது அப்பொழுது புலனாயிற்று. எனினும் விமானம் ஒரு நேரத்தில் ஓரிடத்தில்தான் இருக்கும். இரவும் பகலும் விழித்திருந்து வானத்தைக் காவல் காக்கும் கண் ஒன்று வேண்டியிருந்தது. அந்தக் கண்தான் ராடார்.

ராடார் வேலை செய்யும் விதத்தை மலைநாட்டு மாணவர்களுக்கு விளக்குவது எளிது. பள்ளத்தாக்கின் ஒரு புறம் நின்று ‘கூ’ என்று குரல் கொடுங்கள். எதிர்ப்புறப் பாறையில் பட்டு அந்தக் குரல் திரும்பி வருகிறது. இரண்டு வினாடி கழித்து எதிரொலி கேட்டால், பாறை ஏறக்குறைய 340 மீட்டர் தொலைவில் இருக்கிறது என்று கணக்கிட்டுவிடலாம். ஏனெனில் ஒலி வினாடிக்குச் சுமார் 340 மீட்டர் செல்கிறது. போக ஒரு வினாடி, வர ஒரு வினாடி. ராடார் செய்வதும் இதுவே. ஒலிக்குப் பதிலாக அது ரேடியோ அலைகளை அனுப்புகிறது. அவை வினாடிக்கு மூன்று லட்சம் கிலோமீட்டர் செல்வன. ஆகவே 15 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பொருளிலிருந்து எதிரொலி திரும்பி வர, ஒரு வினாடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு நேரம்தான் ஆகும்.

நீங்கள் இப்பொழுது கேட்டுக்கொண்டிருக்கும் என் குரலும் ரேடியோ அலைகளின் மேல் ஏறித்தான் உங்களிடம் வருகிறது. வானொலிக்கும் ராடாருக்கும் உள்ள உறவு இன்னும் நெருக்கமானது. 1935-ஆம் ஆண்டு பிப்ரவரி 26-ஆம் நாள், இங்கிலாந்தில் வாட்ஸன் வாட் என்பவர் ராடாரின் தத்துவத்தைச் சோதித்துக் காட்டியபொழுது, அவர் பயன்படுத்தியது டாவென்ட்ரி வானொலி நிலையம் ஒலிபரப்பிய அலைகளையே. அந்த அலைகள் பறக்கும் விமானத்தில் பட்டுத் திரும்பியதை அவருடைய கருவி பதிவு செய்தது.

உதகமண்டலத்துக்கு அருகே முத்தோரையில் 1970-ல் அமைக்கப்பட்ட ரேடியோ தொலைநோக்கியை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் உடைய அந்தப் பெரிய கருவியைக் கோவிந்த் ஸ்வரூப் என்னும் விஞ்ஞானியின் தலைமையில் மலைச்சரிவிலேயே நிறுவினார்கள். அது ராடார் அன்று. அது விண்மீன் மண்டலங்களிலிருந்து வரும் அலைகளைக் கேட்கும் காது மட்டுமே. ராடாருக்கோ காதும் உண்டு, வாயும் உண்டு. முத்தோரைக் கருவி ஏற்கும் அலையின் நீளம் சுமார் 92 சென்டிமீட்டர். பூச்சியைத் தேடும் ராடார்களில் பெரும்பாலானவற்றின் அலை நீளம் சுமார் 3 சென்டிமீட்டர்தான். சிறிய பொருளைக் காண வேண்டுமானால் சிறிய அலை வேண்டும்.

இரண்டாம் உலகப் போரின்போது ராடார்த் திரைகளில் விளங்காத எதிரொலிகள் தோன்றின. விமானமும் இல்லை, மழைமேகமும் இல்லை. தெளிந்த வானத்தில் புள்ளிகள் ஊர்ந்தன. காவலிருந்தவர்கள் அவற்றுக்குத் ‘தேவதூதர்கள்’ என்று பெயரிட்டார்கள். பின்னர் ஆராய்ந்ததில் அத்தேவதூதர்களிற் சிலர் பறவைகள் என்று தெரிந்தது. வேறு சிலர் பூச்சிகள் என்பதை அமெரிக்காவில் கிராஃபோர்டு என்பவர் 1949-ல் எடுத்துக் காட்டினார். பூச்சியின் உடலில் உள்ள ஈரமே ரேடியோ அலையைத் திருப்பி அனுப்புகிறது. காகிதம் போன்ற சிறகை அலை பெரும்பாலும் ஊடுருவிச் சென்றுவிடும்.

1954-ல் பாரசீக வளைகுடாவில் சென்ற ஒரு கப்பலின் ராடாரில் பாலைவன வெட்டுக்கிளிக் கூட்டம் தென்பட்டது. ரெய்னி என்ற அறிஞர் அதை மறு ஆண்டில் அறிவித்தார். நம் நாட்டிலும் இத்தகைய காட்சி பதிவாகியிருக்கிறது. 1962-ல் தில்லி மீது பறந்த வெட்டுக்கிளிக் கூட்டங்களை அங்கிருந்த ராடார் கண்டது. ரமண மூர்த்தியும் அவருடைய கூட்டாளிகளும் அதைப் பற்றி 1964-ல் எழுதினார்கள். மழையைப் பார்க்க வைத்த கருவி வெட்டுக்கிளியையும் பார்த்தது. பிறகு 1968-ல், பூச்சிகளுக்கென்றே அமைத்த முதல் ராடாரை கிளென் ஷேஃபர் என்பவர் ஆப்பிரிக்காவின் நைஜர் நாட்டுக்கு எடுத்துச் சென்று பாலைவன விளிம்பில் நிறுவினார். கூட்டத்தை மட்டுமன்றித் தனித்தனி வெட்டுக்கிளியையும் அது இரவில் காட்டியது.

திரையில் தெரிவதோ ஒரு புள்ளி. அதைக்கொண்டு இன்ன பூச்சி என்று எப்படிச் சொல்வது? நான்கு அடையாளங்கள் உதவுகின்றன.

முதலாவது, பருமன். பெரிய பூச்சியின் எதிரொலி வலியது. சிறிய பூச்சியின் எதிரொலி மெலியது. இந்த வேறுபாடு நாம் நினைப்பதைக் காட்டிலும் மிகப் பெரிது. அலை நீளத்தைவிட மிகச் சிறிய இரண்டு பூச்சிகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றின் நீளம் மற்றொன்றைப் போல் இரு மடங்கானால், அதன் எதிரொலி ஏறக்குறைய 64 மடங்கு வலிமை பெறுகிறது. ஆகவே கொசுவையும் அந்துப்பூச்சியையும் ராடார் ஒன்றாக எண்ணி மயங்குவதில்லை.

இரண்டாவது, வடிவம். ஒரு கயிற்றின் நுனியைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டலாம், பக்கவாட்டிலும் ஆட்டலாம். ரேடியோ அலைக்கும் இத்தகைய ஆட்டத் தளம் உண்டு. வானத்தை நேரே அண்ணாந்து பார்க்கும் ராடார், தன் அலையின் ஆட்டத் தளத்தை வட்டமாகச் சுழற்றிக்கொண்டே இருக்கிறது. அந்தத் தளம் பூச்சியின் உடல் நீளத்தோடு ஒன்றும்பொழுது எதிரொலி பெரும்பாலும் உச்சம் அடைகிறது. இதிலிருந்து உடல் நீண்டதா உருண்டதா என்பதும், பூச்சி தன் உடலை எந்தத் திசைக்கு நேராக வைத்துப் பறக்கிறது என்பதும் தெரிகின்றன.

மூன்றாவது, சிறகடிப்பு. ஒவ்வொரு சிறகடிப்புக்கும் பூச்சியின் உடலும் சிறிது சுருங்கி விரிகிறது. அதனால் எதிரொலியும் நாடி போலத் துடிக்கிறது. பாலைவன வெட்டுக்கிளி வினாடிக்குச் சுமார் 20 முறை சிறகடிக்கும். தேனீயோ 200 முறைக்கு மேல் அடிக்கும். நோயாளியின் கையைப் பிடித்து வைத்தியர் நாடி பார்ப்பது போல, ஒரு கிலோமீட்டர் உயரத்தில் பறக்கும் பூச்சிக்கு விஞ்ஞானி தரையிலிருந்தே நாடி பார்க்கிறார்.

நான்காவது, வேகமும் உயரமும் நேரமும். காற்றின் வேகத்தைக் கழித்துவிட்டால் பூச்சி தானே பறக்கும் வேகம் கிடைக்கிறது. அது பகலில் செல்வதா, அந்தியில் கிளம்புவதா என்பதும் ஓர் அடையாளமே.

இந்த நான்கையும் கொண்டு கண்டறிந்த உண்மைகள் வியப்பளிப்பவை. இங்கிலாந்தில் ராதம்ஸ்டெட் ஆராய்ச்சி நிலையத்தாரும் அவர்களைச் சேர்ந்தவர்களும் வானத்தை நோக்கும் ராடார்களை ஆண்டுக்கணக்கில் ஓய்வின்றி இயக்கினார்கள். 2000 முதல் 2009 வரை கிடைத்த பதிவுகளை ஆராய்ந்து 2016-ல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். தென் இங்கிலாந்தின் வானத்தை ஆண்டுதோறும் கடக்கும் பூச்சிகள் ஏறத்தாழ மூன்றரை லட்சம் கோடி! அவற்றின் எடை சுமார் 3,200 டன். தலைக்கு மேல் இவ்வளவு பெரிய போக்குவரத்து நடைபெறுவதைத் தெருவில் சென்றவர்கள் அறியவில்லை.

இன்னொரு புதிரையும் ராடார் அவிழ்த்தது. ‘பெயின்டட் லேடி’ என்று ஒரு வண்ணத்துப்பூச்சி உண்டு. அது நம் நீலகிரியிலும் பறக்கிறது. ஆப்பிரிக்காவிலிருந்து புறப்பட்டு, வழியிலே தலைமுறை தலைமுறையாகப் பெருகி, வேனிற் காலத்தில் அது ஐரோப்பாவின் வடகோடி வரை செல்கிறது. ஆனால் அங்கிருந்து திரும்புவதை யாரும் போதிய அளவு காணவில்லை. எனவே குளிர் வந்ததும் அவையெல்லாம் அங்கேயே மடிகின்றன என்று பலர் எண்ணினர். 2009-ல் பெருங்கூட்டமாக அவை வந்தபோது, பல நாட்டு மக்கள் தரையிலிருந்து எண்ணினார்கள். ராடார்கள் வானத்தைப் பார்த்தன. இலையுதிர் காலத்தில் அவை தெற்கு நோக்கித் திரும்புவது தெளிவாயிற்று. சராசரியாக 500 மீட்டருக்கும் மேலான உயரத்தில் சென்றமையால் மனிதர் கண்ணுக்குத் தப்பிவிட்டன! காணாததை இல்லாதது என்று முடிவு கட்டலாகாது என்பதற்கு இதைவிடச் சிறந்த பாடம் வேண்டுமா?

தட்டான் தாழப் பறந்தால் மழை வரும் என்பது நம் ஊர்ப் பேச்சு. அந்தத் தட்டான்களில் ஓர் இனம், ‘பன்டாலா’ என்னும் பொன்னிறத் தும்பி, கடல் கடக்கும் பிரயாணி. தென்னிந்தியாவிலிருந்து அக்டோபர் அளவில் மாலத்தீவுக்கு வந்து, பருவக்காற்றின் துணையோடு ஆப்பிரிக்கா வரை அது செல்கிறது என்ற கருத்தை சார்லஸ் ஆண்டர்சன் என்பவர் 2009-ல் வெளியிட்டார். அதே இனம் சீனாவின் போஹாய்க் கடலை இரவில் கடப்பதை அங்குள்ள விஞ்ஞானிகள் ராடாரில் கண்டு 2006-ல் அறிவித்திருந்தனர். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். திரையில் தெரிந்த புள்ளிகள் தும்பிகளே என்று அவர்கள் உறுதி செய்ததற்கு, வானத்தை நோக்கி விளக்கொளி பாய்ச்சிப் பூச்சிகளைப் பிடித்த ஒரு பொறி துணை நின்றது.

இங்கேதான் நான் முதலில் குறிப்பிட்ட செய்திக்கு வருகிறோம். ராடார் பருமனைச் சொல்லும், வடிவத்தைச் சொல்லும், நாடியைச் சொல்லும். பெயரைச் சொல்லாது. ஒரே அளவும் ஒரே சிறகடிப்பும் உடைய இனங்கள் பல. அவற்றில் எது என்று சொல்ல, பூச்சியை நேரில் அறிந்த ஒரு மனிதர் வேண்டும்.

2017-ஆம் ஆண்டு அக்டோபரில் அமெரிக்காவின் டென்வர் நகரத்து வானிலை ராடாரில் சுமார் 110 கிலோமீட்டர் அகலமுள்ள ஒரு மேகம் தோன்றியது. மழை மேகம் போல் அது இல்லை. வானிலை அலுவலர்கள் பறவைக் கூட்டம் என்று எண்ணி, எந்தப் பறவை என்று பொதுமக்களைக் கேட்டார்கள். விடை வேறு விதமாக வந்தது. அவை பறவைகள் அல்ல. வீட்டுத் தோட்டங்களில் அந்நாட்களில் திரண்டிருந்த பெயின்டட் லேடி வண்ணத்துப்பூச்சிகள். பெருங்கருவி கண்டதற்குப் பெயரிட்டது தோட்டத்தில் நின்றவருடைய கண்.

நம் மலையிலும் பெயரறியாமை ஒரு சமயம் அச்சத்தை விளைத்தது. 2020-ஆம் ஆண்டு வடநாட்டில் பாலைவன வெட்டுக்கிளிகள் பயிரை அழித்துக்கொண்டிருந்தன. மே மாத இறுதியில் கிருஷ்ணகிரி மாவட்டத்திலும் உதகையிலும் சில பூச்சிகளைக் கண்ட மக்கள், அந்தப் படை இங்கும் வந்துவிட்டதோ என்று கலங்கினார்கள். அதிகாரிகள் பார்த்து, அவை பாலைவன வெட்டுக்கிளிகள் அல்ல, இங்கேயே வாழும் வெட்டுக்கிளிகள்தாம் என்று விளக்கிய பிறகே கலக்கம் தீர்ந்தது. உள்ளூர்ப் பூச்சியைப் பெயர் சொல்லி அழைக்கத் தெரிந்தவர் தெருவுக்கு ஒருவர் இருந்திருந்தால் அந்த அச்சம் ஒரு நாழிகைகூட நின்றிராது.

மலைநாட்டில் ராடாருக்கு வேறு இடையூறுகளும் உண்டு. சுற்றிலும் நிற்கும் குன்றுகள் அலையைத் திருப்பி அனுப்பும். பூச்சியின் மெல்லிய எதிரொலி அந்தப் பேரொலியில் மூழ்கிப்போகும். நேரே மேல் நோக்கும் ராடார் இதற்கு ஒரு மாற்று. ஆனால் ராதம்ஸ்டெட்டில் இயக்கிய அத்தகைய கருவிக்கு 150 மீட்டருக்குக் கீழே உள்ளது தெரியாது. நம் நீல வரியன்களோ பல சமயம் மரத்துக்கும் புதருக்கும் இடையே புகுந்து செல்கின்றன. உயரத்தில் செல்வது கண்ணுக்குத் தெரியவில்லை. தாழச் செல்வது ராடாருக்குத் தெரியவில்லை. ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்ப வேண்டும். பார்வையற்றவன் தோளில் நடக்க மாட்டாதவன் ஏறிக்கொண்டு இருவரும் ஊர் சேர்ந்த கதையைப் போன்றது இது.

இவ்வளவு பாடுபட்டுப் பூச்சியின் வழியை அறிவதால் என்ன பயன் என்று சிலர் கேட்கலாம். முதற் பயன் உழவருக்கு. மக்காச்சோளத்தை அழிக்கும் படைப்புழு அமெரிக்கக் கண்டத்தைச் சேர்ந்தது. 2018-ல் அதைக் கருநாடகத்தில் கண்டார்கள். அதே ஆண்டில் தமிழ்நாட்டு வயல்களிலும் அது பரவிவிட்டது. அதன் அந்துப்பூச்சி காற்றின் துணையால் ஓரிரவில் நெடுந்தூரம் செல்ல வல்லது. எந்தக் காற்றில், எந்த உயரத்தில், எந்த இரவில் வருகிறது என்பதை முன்கூட்டி அறிந்தால், மருந்தை வீணாகத் தெளிக்காமல் உரிய நாளில் உரிய வயலைக் காக்கலாம். துவரையையும் பருத்தியையும் துளைக்கும் காய்ப்புழுவின் அந்துப்பூச்சி இரவில் எப்படிப் பறக்கிறது என்பதை மத்திய இந்தியாவில் ராடாரைக் கொண்டு ஆராய்ந்து 1992-லேயே அறிக்கை வெளியிட்டிருக்கிறார்கள்.

இரண்டாவது பயன், இழப்பை அறிவது. வரியன்களிலும் கறுப்பு வண்ணத்துப்பூச்சிகளிலும் ஆண்கள் கிலுகிலுப்பை, தேள்கொடுக்கு போன்ற செடிகளை நாடி, அவற்றிலுள்ள ஒரு வகை இரசாயனப் பொருளை உறிஞ்சிக்கொள்கின்றன. அவற்றின் இல்வாழ்வுக்கு அது இன்றியமையாதது. சாலையோரத்தில் ‘களை’ என்று நாம் வெட்டி எறிவது, அந்த வழிப்போக்கர்களுக்குச் சத்திரமும் சாப்பாடும் ஆகும். சத்திரங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டால் யாத்திரை நின்றுவிடும். அது நின்றது என்று சொல்வதற்கும் நம்மிடம் சான்று வேண்டும் அல்லவா? எண்ணி வைக்காத ஒன்று குறைந்துபோனால், குறைந்ததென்று எவரும் நிலைநாட்ட இயலாது. எவர்ஷெட் தம் குறிப்பை எழுதாமல் விட்டிருந்தால், அவர் காலத்துப் பெயர்ச்சியை நாம் கேள்விப்பட்டுக்கூட இருக்க மாட்டோம்.

ஆகவே மாணவ நண்பர்களே, ராடார் அமைக்கப் பெரும் பொருள் வேண்டும். அதற்குக் காத்திருக்க வேண்டா. ஒரு குறிப்பேடும், ஒரு கடிகாரமும், திசைகாட்டும் ஊசியும் போதும். ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் உங்கள் பள்ளியருகே ஓரிடத்தைத் தேர்ந்துகொள்ளுங்கள். ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், ஐந்து நிமிஷம் எண்ணுங்கள். நாள், நேரம், இடம், பறக்கும் திசை, காற்றின் திசை, வெயிலா மேகமா என்பது, எத்தனை கடந்தன என்பது, தெரிந்தால் பெயர், இவற்றை எழுதுங்கள். பெயர் தெரியாவிட்டால் நிறத்தையும் கோட்டையும் எழுதுங்கள். ஊகத்தைப் பெயராக எழுத வேண்டா. ஒன்றும் கடக்காத நாளில் ‘ஒன்றுமில்லை’ என்று எழுதுங்கள். அந்தச் சுழியமும் ஒரு செய்தியே. கல்லாற்றில் ஒரு பள்ளி, குன்னூரில் ஒன்று, கோத்தகிரியில் ஒன்று, கூடலூரில் ஒன்று, இப்படி நான்கு குறிப்பேடுகள் ஒரே நாளில் எழுதப்பட்டால், மலையின் மேல் ஒரு பாதை வரையப்பட்டுவிடும்.

2019-ல் தமிழ்நாடு அரசு ‘தமிழ் மறவன்’ என்ற வண்ணத்துப்பூச்சியை மாநிலத்தின் சின்னமாக அறிவித்தது. சின்னம் ஒன்றுக்குப் பெயரிட்டுவிட்டோம். மலையைக் கடக்கும் மற்றவற்றின் பெயர்களையும் வழிகளையும் கற்பது இனி உங்கள் தலைமுறையின் கடமை. நாளை இந்தச் சரிவுகளில் யாரேனும் ஒரு ராடாரை நிறுவி, திரையில் ஊரும் புள்ளிகளைக் காட்டி, ‘இவை யாவை?’ என்று கேட்டால், விடை சொல்லும் குறிப்பேடு உங்களிடம் இருக்கட்டும்.